சொல்லாமல் வைத்த பரீட்சை

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு வெளியே உமைமாவை அதிகம் பேருக்குத் தெரியாது. உள்ளே எல்லாருக்கும் தெரியும். பிரிண்டர் மக்கர் செய்தாலும், பாஸ்வேர்ட் மறந்துபோனாலும், கம்ப்யூட்டர் திடீரென்று தூங்கிப்போனாலும் "உமைமா மேடத்தக் கூப்புடு" என்பார்கள். அவளுடைய அத்தா டேனரியில் தோல் ஊறவைக்கும் தொட்டிகளுக்கு நடுவே வேலை செய்தவர். தன் பெண் காய்ந்த துணியோடு வேலைக்குப் போய்க் காய்ந்த துணியோடு திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. உமைமா வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் படித்தாள். ஆர்டர் விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வந்தாள். அப்போது சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கத்தாருக்குப் போய்விட, "நீயே கொஞ்ச நாள் பாத்துக்கோம்மா" என்று அவளிடம் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இப்போது முந்நூறு கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பில்.

இரண்டு வருடங்களுக்கு முன் அதே ஊரில் வேறொரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். பணம் கேட்டு மிரட்டினார்கள். பல நாள் சரக்கு ஏறவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனதை உமைமா பஸ்ஸில் போகும்போது பார்த்தாள். அன்றிலிருந்து முதலாளி அப்துல் வஹீதை விடாமல் நச்சரித்து, தன் கம்பெனியின் வலைப்பின்னலைக் கண்காணிக்க ஓர் ஏற்பாட்டை வாங்கி வைத்தாள்.

அந்த ஏற்பாட்டில் அவள் மிகவும் நம்பியது ஒரு சின்ன விஷயத்தை. கம்பெனியில் ஒவ்வொருவருடைய லாகினும் ஏதாவது ஒரு குழுவில் இருக்கும். பேக்கிங் குழுவில் இருப்பவர் லேபிள் அச்சடிக்கலாம், அதற்கு மேல் முடியாது. அக்கவுண்ட்ஸ் குழு கணக்கைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே அட்மின் குழு. அதில் இருப்பவர் எந்தக் கம்ப்யூட்டரையும் திறக்கலாம், யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம். வலைக்குள் திருடன் நுழைந்தால் எடுத்த எடுப்பில் எதையும் தொடமாட்டான். அட்மின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வான். பிறகு அவர்களில் ஒருவரைக் குறிவைப்பான். சாதாரண சீட்டில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் அவசியமே வராது. அப்படி ஒரு கேள்வி எங்கிருந்து கிளம்பினாலும் தன் திரையில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று உமைமா அமைத்து வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ இடைவேளை முடிந்து எல்லாரும் சீட்டுக்குத் திரும்பிய நேரத்தில், அது சிவப்பாயிற்று.

பேக்கிங் செக்ஷன் கம்ப்யூட்டர். லாகின் பெயர் பூரணி.

பூரணி குடியாத்தத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். கணவன் வீரபாகு விசைத்தறியில் லுங்கி நெய்கிறான். லைனில் நின்று ஷூவின் மேல்பாகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள், ப்ளஸ் டூ படித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் லேபிள் அடிக்கும் சீட்டுக்கு மாற்றப்பட்டாள். அவளுக்கு லாகின் போட்டுக் கொடுத்தது உமைமாதான். முதல் நாள் அவள் மவுஸை இரண்டு கையாலும் பிடித்ததும், ஒரு மாதத்துக்குள் "மேடம், உங்க பிரிண்டர் தான் பேஜார் பண்ணுது, நான் இல்ல" என்று சண்டைக்கு வந்ததும் உமைமாவுக்கு ஞாபகம் இருந்தது.

உமைமா பேக்கிங் சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்தாள்.

"சுஹேல் பாய், பூரணி சீட்ல இருக்குதா?"

"இருக்குதும்மா. லேபிள் அடிச்சிட்டிருக்குது. இன்னா விஷயம்?"

பதில் சொல்வதற்குள் திரையில் இரண்டாவது கேள்வி வந்தது. அட்மின் குழுவில் உள்ளவர்கள் இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள் என்று அதே லாகின் கேட்டது. உமைமா ஃபோனை வைத்துவிட்டு அந்தக் கம்ப்யூட்டரை வலையிலிருந்து துண்டித்தாள். பூரணியின் லாகினை முடக்கினாள். விதிப்படி ஜெனரல் மேனேஜர் ராமமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அதுவரை அவள் செய்த எதிலும் பிழை இல்லை.

ராமமூர்த்தி சரக்கைக் குறித்த தேதியில் கப்பலேற்றுவதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் விஷயம் அவருக்குப் பிடிபடாது. பிடிபடாத விஷயத்தில் அவர் செய்யக்கூடியது குரலை உயர்த்துவதுதான். பெண் காவலாளி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு நேரே பேக்கிங் செக்ஷனுக்குப் போனார். பூரணியை எழுப்பி, தளத்தின் நடுவில் இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். உமைமா பின்னாலேயே ஓடினாள்.

"செல்ல எடு."

"எதுக்கு சார்?"

"எடுன்னா எடு. பேகையும் தொற."

பூரணியின் பை மேஜைமேல் கவிழ்ந்தது. டிஃபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை, வேனில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பெண்கள். பேச்சு அவர்களுக்குக் கேட்காது. கவிழ்த்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"யாருக்கு அனுப்புன? உன் கொழுந்தன் பேரணாம்பட்டுல வேற கம்பெனில தான இருக்கான்?"

"கட்டிங்ல இருக்காரு சார். அதுக்கு இன்னா இப்ப?" அவளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. உமைமா பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. லேபிள் தவிர நான் வேற எதையாச்சும் தொட்டிருக்கேனா?"

ஒருத்தருடைய பாஸ்வேர்டை இன்னொருத்தர் திருடிப் பயன்படுத்த முடியும் என்பது உமைமாவுக்குத் தெரியும். நிறைய இடங்களில் நடப்பதே அப்படித்தான் என்றும் தெரியும். இன்னும் பார்க்கவில்லை சார், பொறுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மனம் அந்த அறையிலேயே இல்லை. திருடன் வேறு எந்தக் கம்ப்யூட்டருக்குத் தாவியிருப்பானோ என்று சர்வர் அறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. சீக்கிரம் அங்கே போக வேண்டும்.

"உன் லாகின்ல இருந்துதான் வந்திருக்கு பூரணி" என்றாள்.

அது உண்மை. பூரணி அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

மதியத்துக்குள் பூரணியைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். வேன் சாயந்திரம்தான். சோதிக்க வேண்டும் என்று செல்ஃபோனை ராமமூர்த்தி வைத்துக்கொண்டதால் வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை. அவள் பைபாஸ் ரோட்டில் வெயிலில் நடந்துபோனதைச் சுஹேல் பார்த்திருக்கிறார்.

உமைமா சாப்பிடாமல் தேடினாள். பிற்பகலில் கிடைத்துவிட்டது. முந்தின நாள் பூரணிக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது: கம்பெனி வேன் நேரம் மாறுகிறது, புது நேரத்தைப் பார்க்க உங்கள் பாஸ்வேர்டைப் போடுங்கள். கம்பெனி சின்னம்கூட அச்சு அசலாக இருந்தது. வேனை நம்பி வேலைக்கு வருகிற யாராயிருந்தாலும் திறந்துதான் பார்ப்பார்கள். பூரணியும் திறந்து பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறாள். அதோடு ஒரு புரோகிராமும் அவள் கம்ப்யூட்டரில் புகுந்திருக்கிறது. அவள் லேபிள் அடித்துக்கொண்டிருந்தபோதே, அவளுக்குத் தெரியாமல், அதே கம்ப்யூட்டர் வழியாக வேறொருவன் உள்ளே நடமாடியிருக்கிறான்.

உமைமா ராமமூர்த்தியிடம் ஓடினாள். "சார், அது பூரணி இல்ல. வெளியில இருந்து யாரோ அவ பேர்ல வந்திருக்காங்க."

"பாஸ்வேர்ட குடுத்தது அவதானே?"

"ஏமாந்துட்டா சார். ஏமாறுறது வேற, திருடுறது வேற."

அவர் பதில் சொல்வதற்குள் உமைமாவின் ஃபோன் அடித்தது. சென்னையிலிருந்து முதலாளி வஹீத் சாஹிப். அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

"உமைமா, சபாஷ்! இப்பதான் சொன்னாங்க. பயப்படாத, அது நாம வெச்ச டெஸ்ட்தான். நம்ம ஷூ வாங்குற ஜெர்மனி பையர் கேட்டாங்க, உங்க கம்பெனில திருடன் வந்தா கண்டுபுடிப்பீங்களான்னு. முன்னாடியே சொல்லிட்டா அது டெஸ்டா? அதான் யாருக்கும் சொல்லல."

ஒரு கணம் உமைமாவுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. திருடன் இல்லை. சர்வர் பத்திரம். அடுத்த கணம், கவிழ்ந்து கிடந்த பையும் ஸ்வெட்டரும் கண்முன் வந்தன. ஃபோனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை அந்தச் சோதனையைச் செய்த நவநீதன் நேரில் வந்தான். வேலூர்க்காரன். கம்பெனிகளின் அனுமதியோடு அவர்களுடைய வலைக்குள் திருடன்போல நுழைந்து பார்ப்பதுதான் அவன் வேலை. மீட்டிங் அறையில் பிஸ்கட்டும் டீயும் வைத்திருந்தார்கள்.

"மத்த எடத்துல எல்லாம் நாங்க அட்மின் குரூப்ப பாத்துட்டு, ஒரு வாரம் உள்ளயே சுத்துவோம் சார். யாரும் கேக்க மாட்டாங்க. இங்க ரெண்டாவது கேள்வியிலயே கதவ சாத்திட்டாங்க" என்றான் நவநீதன். வஹீத் சாஹிப் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றாள் உமைமா.

"எந்தப் பொண்ணு மேடம்?"

உமைமா சொன்னாள். நவநீதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவனைப் பொறுத்தவரை பூரணி என்பது திரையில் தெரிந்த ஒரு லாகின் மட்டும். அந்தப் பெயரில் ஒரு ஆள் அதே நேரத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவன் முகம் கறுத்துப்போனது.

"சார், யாராச்சும் மாட்டுனா ஒடனே நிறுத்தறதுக்கு ஃபேக்டரிக்குள்ளயே ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு நாங்க மொதல்லயே கேட்டிருந்தோமே."

"எனக்குத் தெரியுமே" என்றார் வஹீத் சாஹிப்.

"நீங்க சென்னையில இருந்தீங்க சார்."

நவநீதன் மெல்ல அடுத்த விஷயத்துக்குப் போனான். அட்மின் குழுவில் இருக்கக்கூடாத ஒரு பெயர் இருக்கிறது, திருடன் வந்திருந்தால் அவர் வழியாகத்தான் எல்லாவற்றையும் எடுத்திருப்பான், இந்தச் சோதனையில் தெரியவந்த பெரிய ஓட்டை அதுதான் என்றான். அது ராமமூர்த்தியின் பெயர். எப்போதோ ஒருமுறை எதையோ திறக்கப்போய் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரையில் வந்ததில் கோபப்பட்டு, எல்லா உரிமையும் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்.

"எடுத்துடும்மா, எனக்கு இன்னாத்துக்கு அது" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார் ராமமூர்த்தி. உமைமா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூரணியின் செல்ஃபோன் இன்னும் அவருடைய டிராயரில்தான் கிடந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உமைமா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நீ உன் வேலையத்தான செஞ்ச?" என்றான் அவள் கணவன் சமீருல்லா, ஞாயிற்றுக்கிழமை காலை அவள் புர்காவை எடுத்தபோது. ஆறுதலாகத்தான் சொன்னான்.

"ஆமா. அதான் போறேன்."

பேரணாம்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் குடியாத்தம் போய் இறங்கினாள். வீரபாகுவின் வீடு இருந்த தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். வாசலில் அவளைப் பார்த்த வீரபாகு தறியை நிறுத்திவிட்டு வந்தான். பக்கத்து வீடுகளின் சத்தம் நிற்கவில்லை. அதனால் அவன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு? அதே வேன்ல இந்தத் தெருவுல இருந்து நாலு பொம்பளைங்க வர்றாங்க. நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க வூட்டுக்கு ஃபோன் வந்துடுச்சு. எம் பொண்டாட்டி வந்து சேர்றதுக்குள்ள எங்கம்மா வாசல்ல நின்னுட்டு அழுவுது, உம் பொண்டாட்டி கம்பெனில திருடிட்டாளாமேன்னு."

"அவ ஒண்ணும் செய்யலண்ணா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு சொல்லி இன்னா பிரயோஜனம்?"

பூரணி உள்ளேயிருந்து வந்தாள். உமைமா நீட்டிய ஃபோனை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். உமைமா நடந்ததை எல்லாம் சொன்னாள். மெயில், சோதனை, முதலாளி, சென்னை.

பூரணி காலிச் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "பரீட்ச எனக்கா மேடம், உங்களுக்கா?"

"எனக்குதான்."

"பாஸ் ஆய்ட்டீங்களா?"

"ஆய்ட்டேன்."

"நல்லது." அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் உமைமாவால் தாங்க முடியாததாக இருந்தது. "ஜி.எம். சாருக்கு ஒண்ணும் தெரியாது, கத்துவாரு. அத விடுங்க. உங்களுக்குத் தெரியும் இல்ல மேடம்? வேற யாராச்சும் எம் பேர்ல வந்திருக்கலாம்னு?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

சர்வர் ஞாபகமாக இருந்தேன் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

"திரும்ப வா பூரணி. சாஹிப் உன்ன ரூம்ல கூப்ட்டு சாரி சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

"ரூம்ல வேணாம். என் பேக கவுத்தது யாருக்கும் தெரியாத ரூம்லயா? எல்லாரும் பாக்கத்தான கவுத்தாங்க. அங்கயே சொல்லணும். லைன்ல நிக்கிற அத்தன பேருக்கும் கேக்கணும்."

திங்கள்கிழமை உமைமா அதை அப்படியே வஹீத் சாஹிப்பிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. பூரணிக்கு நடந்தது அவருக்கும் உறுத்தியது. ஆனால் ஜெனரல் மேனேஜர் தளத்தில் நின்று மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு அவர் பேச்சை யார் கேட்பார்கள் என்றார். விஷயம் பையர் காதுக்குப் போனால் வேறு மாதிரி ஆகும் என்றார். "கொஞ்ச நாள் போகட்டும்மா, எல்லாரும் மறந்துடுவாங்க."

உமைமா சரி என்று சொல்லவில்லை. டீ இடைவேளை மணி அடிப்பதற்குச் சற்று முன்பு பேக்கிங் செக்ஷனுக்குப் போனாள். ஷிஃப்ட் அறிவிப்புக்கு வைத்திருந்த மைக் சுஹேலின் மேஜையில் இருந்தது. அவள் அதை எடுப்பதைப் பார்த்த சுஹேல், தடுக்க வேண்டுமா என்று யோசித்துவிட்டு, எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

மைக்கில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. குரல் உடைந்தது.

"பூரணி எதையும் திருடல. கம்பெனியே ஒரு சோதன வெச்சது, அதுல அவ பேர அவளுக்குத் தெரியாம யூஸ் பண்ணிட்டாங்க. சரியாப் பாக்காம அவதான்னு காட்டுனது நான். தப்பு எம்மேலதான். வேன்ல போறவங்க இத குடியாத்தத்துல போய் சொல்லணும். அன்னைக்கு எப்படி சொன்னீங்களோ அதே மாதிரி சொல்லணும்."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் யாரோ அழுதார்கள். ராமமூர்த்தி வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அவர் உமைமாவிடம் நேரடியாகப் பேசுவதில்லை. வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்வார். வஹீத் சாஹிப் கூப்பிட்டுக் கண்டித்தார். வேலையை எடுக்கவில்லை. எடுத்தால் சர்வரைப் பார்க்க ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பூரணி மறு வாரம் வேலைக்கு வந்தாள். உமைமா அவளுக்குப் புது லாகின் தயாராக வைத்திருந்தாள். பூரணி அதை வாங்கவில்லை. கம்ப்யூட்டர் வேண்டாம், பழையபடி லைனிலேயே போடுங்கள் என்று சுஹேலிடம் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மறுபடி பசை தடவுகிறாள். உமைமாவைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா மேடம்" என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது. இன்னொருமுறை உமைமா நேரில் போய், "அந்த சீட்டு உனக்குதான் பூரணி, நீ நல்லா செய்வ" என்று கெஞ்சியபோது, பூரணி கையிலிருந்த பிரஷ்ஷை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"இங்க நான் செய்றது எங்கையால செய்றது மேடம். வேற யாரும் எம் பேர்ல செய்ய முடியாது."

லேபிள் சீட்டுக்கு ஹரிணி என்ற வேறொரு பெண் வந்தாள்.

இந்த வருடம் சோதனை மறுபடி நடந்தது. இந்த முறை தளத்தில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று உமைமா சண்டை போட்டு, சுஹேலிடம் சொல்ல வைத்தாள். என்றைக்கு, எந்த சீட்டில் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் திரை சிவந்தது. பேக்கிங் செக்ஷன், ஹரிணி. அட்மின் குழுவில் யார் யார் என்று அதே கேள்வி.

உமைமாவின் கை துண்டிக்கும் பொத்தானுக்குப் போய் நின்றது. அழுத்தவில்லை. எழுந்து, மாடியிலிருந்து இறங்கி, தளத்தைக் கடந்து, ஹரிணியின் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். ஹரிணி லேபிள் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா மேடம், பிரிண்டர் பாக்க வந்தீங்களா?"

"ஆமா. நீ கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டுத்தான் ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் நவநீதன் இரண்டு கம்ப்யூட்டர் தாவியிருந்தான்.

போன முறையைவிட வேகம் குறைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. வஹீத் சாஹிப் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏன் லேட்டு? நெஜமாவே திருடனா இருந்திருந்தா?"

"போய் பாத்துட்டு வந்தேன் சாஹிப்."

"எத?"

"யார் உக்காந்திருக்காங்கன்னு."

நிஜமான திருடனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உமைமாவுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அன்று அந்த வேறு கம்பெனியில் நின்றதுபோல இங்கேயும் லைன் நிற்கும், பெண்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள், பூரணியும் அவர்களோடுதான் இருப்பாள். முதலில் பொத்தானை அழுத்தித் துண்டித்துவிட்டுப் பிறகு போய்ப் பார்த்திருக்கலாம். அதையும் யோசித்துவிட்டாள். துண்டித்தால் ஹரிணியின் லாகினையும் முடக்கி, விதிப்படி ராமமூர்த்திக்கும் சொல்லியாக வேண்டும். யாராவது கண்ணாடி அறையைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவளை எழுப்பி நடக்க வைத்தது. அடுத்த முறை என்ன செய்வாள் என்று சமீருல்லா கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். இப்போதும் தினமும் காலையில் வந்ததும் முதலில் திரையைத் திறக்கிறாள். சிவப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிக்கிறாள்.